கதவுக்குக் கீழே கறள் பிடித்தால்: பழைய ஜீப்புக்குப் பொக்ஸ் பார் வைத்து ஒட்டும் முறை

பழைய ஜீப் ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்பார். பின்பு ரயரைப் பார்ப்பார், பெயின்றைப் பார்ப்பார், விலை கதைப்பார். நிலத்தில் குனிந்து கதவுக்குக் கீழே உள்ள பகுதியைப் பார்ப்பவர் மிகச் சிலரே. எஞ்சின் பழுதானால் வாகனம் வழியில் நின்றுவிடும், அவ்வளவுதான். கதவுக்குக் கீழே உள்ள இரும்பைக் கறள் தின்றுவிட்டால், ஆட்களோடும் சுமையோடும் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாகனத்தின் உடல் தளரும். ஒரு சிறு மோதலில்கூட உள்ளே இருப்பவர்களுக்குக் காப்பு இராது.

இடம்பெயர்ந்த குடும்பங்களும் மீளக் குடியேறிய குடும்பங்களும் நான்கைந்து பேராகச் சேர்ந்து, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு பழைய ஜீப்பையோ பிக்கப்பையோ வாங்குவதுண்டு. விட்டு வந்த வளவில் பல மாரிகாலம் நனைந்து நின்ற வாகனத்தை மீண்டும் ஓட வைக்கலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. இருவருக்கும் ஒரே கேள்விதான்: இந்த இரும்பு இன்னும் தாங்குமா? தாங்காவிட்டால் அதைத் திருத்த முடியுமா? இதற்குரிய விடையை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

கதவடிப் பெட்டி என்றால் என்ன?

முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில், கதவுகளுக்கு நேர் கீழே, வாகனத்தின் இரு பக்கமும் நீளமாக ஓடும் தகட்டுப் பகுதியைப் பாருங்கள். வெளியிலிருந்து பார்க்க அது ஒரு தகடு போலத் தோன்றும். உண்மையில் அது வெளித் தகடு, உள் தகடு என இரண்டைச் சேர்த்து ஒட்டிய வெற்றுப் பெட்டி. கராஜ்களில் இதனை றொக்கர் பனல் என்றும் சைட் சில் என்றும் சொல்வார்கள். சில்லு என்ற சொல்லோடு குழம்பாமல் இருக்க, இக்கட்டுரையில் கதவடிப் பெட்டி என்றே குறிப்பிடுவோம்.

இப்பெட்டி எல்லா வாகனங்களிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஆகவே உங்கள் வாகனம் எந்த வகை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

சசி உள்ளதும் சசி இல்லாததும்

முதலாவது வகை, தனியான சசி உடைய வாகனம். ஏணி போன்ற கனத்த இரும்புச் சட்டம் கீழே இருக்கும். எஞ்சின், சில்லுகள், உடல் ஆகிய யாவும் அதன்மேல் பூட்டப்பட்டிருக்கும். 1941 இல் வந்த வில்லிஸ் ஜீப், 1948 இல் வந்த லாண்ட் றோவர், டொயோட்டா லாண்ட் குறூசர் 70 வரிசை, ஹைலக்ஸ் பிக்கப் முதலியன இவ்வகை. லாண்ட் றோவரின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்தமையே அதற்குக் காரணம். அந்தப் பழைய லாண்ட் றோவரில் கதவுக்குக் கீழே உள்ள தகடு போல்ற் போட்டுப் பூட்டிய மூடி மட்டுமே. அது சிதைந்தாலும் வாகனம் நிற்கும். அங்கே பார்க்க வேண்டியது சசியையும், சசியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளையும், பின்புறக் குறுக்குச் சட்டத்தையுமே.

இரண்டாவது வகை, தனிச் சசி இல்லாத வாகனம். இதில் தகடுகளை ஒட்டி உண்டாக்கிய உடலே சசியின் வேலையையும் செய்யும். பெரும்பாலான கார்களும் சிறிய வான்கள் பலவும் இப்படிப்பட்டவை. ஜீப் வகையில் இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் ஜீப் செரோக்கி. 1984 தொடக்கம் 2001 வரை அந்நாட்டில் இவ்வடிவில் விற்கப்பட்டது. இதன் தரைத் தகட்டின் அடியில் பெட்டிச் சட்டங்கள் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றோடு கதவடிப் பெட்டிகளும் சேர்ந்தே முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்து வைத்திருக்கின்றன. இவ்வகை வாகனத்தில் கதவடிப் பெட்டி அழிந்தால், வீட்டின் வளை உழுத்ததற்குச் சமம்.

மெல்லிய தகடு எப்படிப் பாரம் தாங்குகிறது?

கதவடிப் பெட்டியின் தகடு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்பானதுதான். அது பாரம் தாங்குவது தடிப்பால் அல்ல, பெட்டி வடிவத்தால். தீப்பெட்டியின் உள் தட்டை எடுத்துவிட்டு வெளி உறையை மட்டும் கையில் பிடித்து முறுக்கிப் பாருங்கள். எளிதில் முறுகாது. இப்போது அந்த உறையை ஒரு மூலையில் நீளத்துக்கு வெட்டிவிட்டு முறுக்குங்கள். துணிபோல் முறுகும். நீங்கள் அதிலிருந்து அட்டை எதையும் அகற்றவில்லை. பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், அவ்வளவே. நீளத்துக்குத் திறந்துவிட்ட பெட்டியில் முறுக்கைத் தாங்கும் வலிமை நூறில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

கறளும் இதையே செய்கிறது. பெட்டியின் அடி விளிம்பு நீளத்துக்கு அரித்துப் போனால், மேலே நல்ல தகடு எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் பெட்டி பெட்டியாக வேலை செய்யாது. பட்டி பூசியும் தகரத் துண்டு ஒட்டியும் மேலே பெயின்ற் அடித்தாலும் கண்ணுக்கு அழகு வருமே தவிரப் பலம் வராது.

கறள் எங்கிருந்து வருகிறது?

கதவடிப் பெட்டி பெரும்பாலும் உள்ளிருந்தே வெளியே அரிக்கிறது. கதவுக் கண்ணாடியின் ஓரத்தால் இறங்கும் மழைநீரும், தரை விரிப்பின் கீழ் ஊறும் நீரும், சில்லுகள் வாரி அடிக்கும் சேறும் பெட்டிக்குள் போகின்றன. நீர் வடிவதற்குத் தொழிற்சாலையில் அடியில் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். அத்துளைகளைச் சேறு அடைத்ததும் உள்ளே நீர் தேங்குகிறது. ஈரமும் காற்றும் உள்ள இருட்டில் கறள் அமைதியாக வளர்கிறது. வெளியே பெயின்ற் கொப்பளிப்பதைக் காணும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

உப்பு இருந்தால் இந்த வேகம் பன்மடங்காகும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் மாரியில் வீதியில் உறையும் பனியை உருக்க உப்புத் தூவுகிறார்கள். அதனால் அங்குள்ள செரோக்கி ஜீப்புகளின் கதவடிப் பெட்டிகள் பெருமளவில் அழிந்தன. இங்கே பனி இல்லாவிட்டாலும் கடற்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. விவசாயி ஏற்றும் பசளையிலும் இருக்கிறது. எம்.ஓ.பி. எனப்படும் பொட்டாசியப் பசளையில் உள்ள குளோரைட்டு, சாப்பாட்டு உப்பில் உள்ள அதே பொருள்தான். சாக்கிலிருந்து சிந்திய பசளை தரையில் ஈரத்தோடு கிடந்தால் இரும்பை அரிக்கும். கருவாடு ஏற்றிய வாகனமும் அப்படியே.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம்

1. காந்தம்: பழைய றேடியோ ஒலிபெருக்கியின் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவடியில் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. அலுமினிய உடலில் காந்தம் எங்குமே ஒட்டாது என்பதை மறவாதீர்கள்.

2. தட்டுதல்: சிறு சுத்தியலால் அடிப்பக்கத்தை நீளத்துக்குத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். கறளுண்ட தகடு மந்தமாக ஒலிக்கும், உள்ளே செதில் உதிரும் சத்தமும் கேட்கும்.

3. குத்துதல்: திருப்புளியால் அடி விளிம்பையும், முன் சில்லின் பின்புறத்தையும், பின் சில்லின் முன்புறத்தையும் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் சந்தேகம் தீர்ந்தது.

4. ஜக்: ஜக் வைக்கும் இடத்தில் மெதுவாக உயர்த்துங்கள். தகடு நசுங்கினாலோ, கதவின் இடைவெளி மாறிக் கதவு இறுகினாலோ உடல் வளைகிறது என்பது பொருள். இச்சோதனையின்போது வாகனத்தின் கீழ் எவரும் இருக்கக்கூடாது.

5. தரை விரிப்பு: அதனைத் தூக்கித் தரையின் ஓரத்தையும், ஆசனப் பட்டி பூட்டிய இடத்தையும் பாருங்கள். ஆசனப் பட்டியின் கீழ் நுனி பெரும்பாலும் இப்பெட்டியின் அருகிலேயே பூட்டப்பட்டிருக்கும்.

விற்பவர் இச்சோதனைகளுக்கு இடம் கொடாவிட்டால் அந்த வாகனத்தை விட்டுவிடுவதே நல்லது.

அமெரிக்கர் கண்ட வழி

கலிபோர்னியாவின் மலைப்பகுதியில் ரூபிகன் என்ற பாதை உண்டு. பெரும் கற்களின்மேல் ஏறி இறங்கியே அதில் ஜீப் ஓட்டுவார்கள். முன் சில்லு கல்லைத் தாண்டி இறங்கியதும், கல்லின் உச்சி வாகனத்தின் நடுப்பகுதியில் முட்டும். அப்போது நசுங்குவது கதவடிப் பெட்டி. ஏற்கெனவே கறள் பிடித்து, இப்போது நசுங்கியும் போன பெட்டிக்குப் பதிலாக மறுபடியும் 1 மி.மீ. தகடு வைப்பதில் பயன் இல்லை என்று கண்டவர்கள், பெட்டியை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செவ்வகப் பொக்ஸ் பாரை வைத்து ஒட்டத் தொடங்கினார்கள். செரோக்கிக்கு அவர்கள் பொதுவாகப் பாவிப்பது 2 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் 3/16 அங்குலத் தடிப்பும் உடைய பார். அது உடலுக்குப் பலமும் தருகிறது, கல்லையும் தாங்குகிறது.

எமது தேவை வேறு. நாம் கல்மலை ஏறப் போவதில்லை. குன்றும் குழியுமான கிரவல் வீதியில் மெதுவாகச் சுமை கொண்டுபோக வேண்டும். ஆயினும் இம்முறையில் எமக்குப் பயன்படும் ஒரு நன்மை உண்டு. பழைய வாகனத்துக்கு உரிய வடிவில் அச்சிட்ட தகடு இங்கே கிடைப்பது அரிது. நேரான பொக்ஸ் பாரோ இரும்புக் கடையில் கிடைக்கும். ஓரளவு கைதேர்ந்த வெல்டிங் வேலைக்காரரால் அதைப் பொருத்த முடியும்.

எந்தப் பார் வாங்குவது?

கனமான பார் நல்லது என்று எண்ண வேண்டாம். 2க்கு 6 அங்குலம், 3/16 அங்குலத் தடிப்பு உடைய பார் மீற்றருக்கு ஏறத்தாழ 14 கிலோ நிறை. பக்கத்துக்கு 1.5 மீற்றர் என்றால் இரு பக்கமும் 42 கிலோ. அதே அளவில் 3 மி.மீ. தடிப்பானது மீற்றருக்கு 9 கிலோவே. இரு பக்கமும் 27 கிலோ. மிச்சமாகும் 15 கிலோவுக்கு ஒவ்வொரு பயணத்திலும் மரக்கறி ஏற்றலாம். எமது வீதிகளுக்கு 3 மி.மீ. போதுமானது. வாகனத்தில் உள்ள பெட்டியின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து, அதற்குள் அடங்கும் பாரைத் தெரிவு செய்யுங்கள். சிறிய வாகனங்களுக்கு 2க்கு 4 அங்குலப் பார் பொருந்தும். கூரைக்கும் கேற்றுக்கும் என விற்கும் பார்கள் பெரும்பாலும் மிக மெல்லியவை. கடையிலேயே தடிப்பை அளந்து வாங்குங்கள்.

இரும்பு வாங்கும்போது இரண்டு எச்சரிக்கைகள்.

முதலாவது, நாகம் பூசிய பார். வெள்ளியாக மினுங்கும் இந்தப் பாரை அப்படியே ஒட்டினால் வெண்புகை எழும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தின் பின் குளிர்க் காய்ச்சல், உடல் நோவு, வாயில் உலோகச் சுவை ஆகியன வரும். பால் குடித்தால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை தவறானது. கறுப்புப் பாரையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், ஒட்டும் இடத்தில் இரு விரல் அகலத்துக்குப் பூச்சைக் கிறைண்டரால் அகற்றி, காற்றோட்டமான வெளியில் ஒட்டுங்கள்.

இரண்டாவது, பழைய இரும்பு. செலவைக் குறைக்கவென்று காட்டிலும் கைவிடப்பட்ட வளவுகளிலும் கிடக்கும் குழாய்களையும் தகடுகளையும் பொறுக்க வேண்டாம். போர் 2009 இல் முடிந்தாலும் அது விட்டுச்சென்ற வெடிபொருட்கள் மண்ணில் கிடந்தன. பழைய இரும்பு சேர்க்கப் போய் உயிரையும் கை கால்களையும் இழந்தவர்கள் எம்மிடையே உள்ளனர். என்னவென்று தெரியாத இரும்பைத் தொடாதீர்கள், வெட்டாதீர்கள், சூடேற்றாதீர்கள். கண்ட இடத்தைப் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

வேலை தொடங்கும் முன்

பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தூரத்தில் வையுங்கள். வெறுந் தாங்கி ஆபத்தில்லை என்று எண்ணக்கூடாது. உள்ளே நிற்கும் ஆவியே வெடிக்கும். எரிபொருள் குழாயும் பிறேக் குழாயும் மின்வயர்களும் கதவடிப் பெட்டியை ஒட்டியே போவதுண்டு. வெட்டுமுன் அவற்றை அவிழ்த்து ஒதுக்குங்கள். பற்றரியின் எதிர் முனையை முதலில் கழற்றி, பின்பு மற்றதைக் கழற்றி, பற்றரியை வெளியே எடுங்கள். ஆசனம், தரை விரிப்பு, கீழே பூசிய தார் ஆகியவற்றை அகற்றுங்கள். இவையே முதலில் தீப்பிடிப்பவை.

பக்கத்தில் ஒரு வாளி நீரும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். ஒட்டுபவர் முகமூடிக்குள் இருப்பதால் பின்னால் எரிவதைக் காணமாட்டார். ஆகவே காவலுக்கு இன்னொருவர் நிற்க வேண்டும். வேலை முடிந்த பின்னும் அரை மணி நேரம் அங்கேயே நில்லுங்கள்.

வெல்டிங் ஒளியைப் பார்க்கச் சிறுவர்கள் கூடுவார்கள். அவர்களைத் தூர அனுப்புங்கள். அந்த ஒளி பட்ட கண் அன்றிரவு மணல் விழுந்ததுபோல் எரியும். வீட்டு வைத்தியமாக எதையும் கண்ணில் விடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். ஈர நிலத்தில் வெறுங்காலுடன் ஒட்டுவதும், மழை தூறும்போது ஒட்டுவதும் உயிராபத்தானவை.

வேலை செய்யும் ஒழுங்கு

1. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, அச்சுகளின் கீழ் உறுதியான தாங்கிகளை வையுங்கள். வழக்கமாகப் பாரம் எங்கே இறங்குகிறதோ அங்கேயே இறங்க வேண்டும். நடுப்பகுதி தொய்யாதபடி தரையின் அடிச்சட்டங்களுக்கும் முட்டுக் கொடுங்கள்.

2. கதவு ஒழுங்காகப் பூட்டுகிறதா என்று பாருங்கள். கதவு வாசலின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து எழுதி வையுங்கள். பின்பு ஒரு குழாயை வாசலின் குறுக்கே முன் தூணுக்கும் நடுத் தூணுக்கும் இடையில் தற்காலிகமாக ஒட்டுங்கள். இதைச் செய்யாமல் பெட்டியை வெட்டினால் உடல் தொய்ந்துவிடும். அந்த நிலையில் பாரை ஒட்டினால், பின்பு கதவு ஒருநாளும் பூட்டாது.

3. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். முதற்பக்கம் முழுவதும் முடிந்த பின்பே மறுபக்கத்தில் கை வையுங்கள்.

4. முதலில் வெளித் தகட்டை மட்டும் வெட்டித் திறந்து உள்ளே பாருங்கள். தூண்களின் அடி நல்ல நிலையில் இருக்கிறதா? தரையின் ஓரம் இருக்கிறதா? இவை போயிருந்தால் பாரை ஒட்டப் பிடிமானம் இல்லை. தரையையும் தூண் அடியையும் முதலில் புதுத் தகட்டால் கட்ட வேண்டும்.

5. பின்பு உள் தகட்டை வெட்டுங்கள். மேலே வெளித் தகட்டிலும், உள்ளே தரை ஓரத்திலும் ஓர் அங்குல விளிம்பை விட்டு வெட்டுங்கள். அவ்விளிம்புகள் பாரின்மேல் படிய வேண்டும். தூண்களை வெட்ட வேண்டாம்.

6. படியும் இடங்களையெல்லாம் இரும்பு பளபளக்கும்வரை தேயுங்கள். கறளின்மேலும் பெயின்றின்மேலும் போட்ட ஒட்டு நிற்காது.

7. பாரின் இரு நுனிகளையும் நேராக வெட்டாமல் சரிவாக வெட்டுங்கள். விறைப்பான பார் திடீரென முடியும் இடத்தில்தான் மெல்லிய தகடு பின்னர் வெடிக்கும். சரிவு இருந்தால் பாரம் சிறிது சிறிதாகக் கைமாறும். நுனிகளைத் தகட்டால் மூடுங்கள். மூடுமுன் அடியில் 8 முதல் 10 மி.மீ. அளவில் சில துளைகள் இடுங்கள். துளையில்லாமல் முழுவதும் மூடிய குழாயை ஒட்டினால், உள்ளே சூடான காற்று விரிந்து உருகிய இரும்பை முகத்தில் துப்பும். பிற்காலத்தில் நீர் வடியவும் அத்துளைகளே உதவும்.

8. பாரை இடத்தில் வைத்துக் கிளாம்ப் போட்டு, ஜக்கால் மெதுவாக அண்டக் கொடுத்து, சிறு பொட்டுகளாக மட்டும் ஒட்டுங்கள். மூலைவிட்டங்களை மறுபடி அளந்து பாருங்கள். கதவைப் பூட்டிப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் மட்டும் முழு ஒட்டுக்குப் போங்கள்.

9. 1 மி.மீ. தகட்டை 3 மி.மீ. பாரோடு ஒட்டுவதே இவ்வேலையின் கடினமான பகுதி. கம்பிச் சுருள் பாவிக்கும் மிக் வெல்டிங் இருந்தால் அதுவே நல்லது. சாதாரண வெல்டிங் என்றால் 2 மி.மீ. அல்லது 2.5 மி.மீ. 6013 றொட் பாவித்து, மின்னோட்டத்தைக் குறைத்து வையுங்கள். சுடரைத் தடித்த பாரின்மேல் பிடித்து, உருகிய இரும்பை மெல்லிய தகட்டின் ஓரத்துக்குத் தள்ளுங்கள். தகட்டின்மேலேயே பிடித்தால் ஓட்டை விழும். வேறொரு வழியும் உண்டு: தகட்டு விளிம்பில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக 8 மி.மீ. துளைகள் இட்டு, துளை வழியாகப் பாரோடு சேர்த்து ஒட்டி நிரப்புங்கள். தொழிற்சாலை இட்ட பொட்டு ஒட்டுகளைப் போன்றே இது பிடிக்கும்.

10. ஒரே ஓட்டமாக நீள ஒட்டு இழுக்காதீர்கள். ஓர் அங்குலம் ஒட்டிவிட்டு, தூரத்தில் இன்னோர் அங்குலம் ஒட்டுங்கள். முதல் இடம் ஆறிய பின் திரும்பி வாருங்கள். அவசரப்பட்டால் தகடு சூட்டில் நெளியும்.

11. தூண் அடிகளிலும் பாரின் இரு நுனிகளிலும் 3 மி.மீ. தகட்டுத் துண்டுகளை வைத்து ஒட்டி, பாரத்தை அகலமான இடத்துக்குப் பரப்புங்கள். ஆசனப் பட்டியின் பூட்டு வெட்டுப்பட்டிருந்தால், தடித்த தகட்டில் நட் ஒட்டி, அதைப் பாரோடு உறுதியாக இணையுங்கள். வெறும் 1 மி.மீ. தகட்டில் ஆசனப் பட்டியைப் பூட்டக்கூடாது.

12. வாசலின் குறுக்கே ஒட்டிய குழாயைக் கடைசியாகவே வெட்டுங்கள்.

மீண்டும் கறள் வராமல்

வெல்டிங் சூட்டில் பெயின்ற் எரிந்த இடம் சில வாரங்களிலேயே கறள் பிடிக்கத் தொடங்கும். அதே நாளில் தேய்த்துக் கறள் தடுப்புப் பூச்சு அடியுங்கள். தகட்டு இணைப்புகளில் நீர் புகாதபடி பசை பூசுங்கள். பெட்டியின் உட்புறம் தூரிகை எட்டாது. மெழுகுக் கறள் தடுப்பை அல்லது இளக்கிய கிறீஸைத் துளை வழியாக உள்ளே செலுத்துங்கள். துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினில் கழித்த பழைய ஒயிலை இதற்குப் பாவிக்க வேண்டாம். அது தோலுக்குக் கேடானது. சொட்டும் ஒயில் மழையோடு நிலத்தில் இறங்கிக் கிணற்று நீரையும் கெடுக்கும்.

மாரி முடிந்ததும் அடிப்பக்கத்தை நல்ல நீரால் கழுவி, வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறவுங்கள். பசளை ஏற்றிய நாளிலேயே தரையைக் கூட்டிக் கழுவுங்கள். ஏற்றும்போது கீழே பொலித்தீன் விரித்தால் இன்னும் நல்லது.

செய்யக்கூடாதவை

தனிச் சசி உள்ள வாகனத்தின் சசியே அரித்திருந்தால், கதவடியில் பார் ஒட்டி அதை ஈடுசெய்ய முடியாது. அந்த வாகனத்துக்குச் சசியைத்தான் திருத்த வேண்டும்.

சசி இலக்கம் பொறித்த இடத்தை வெட்டவோ, தேய்க்கவோ, மேலே ஒட்டவோ கூடாது. அவ்விலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ளது. அது அழிந்தால் வாகனம் உங்களுடையது என்று நிறுவுவது கடினம். இடப்பெயர்வில் பத்திரங்களை இழந்தவர்களுக்கு இதன் துன்பம் தெரியும்.

புதிய காலத்துக் கார்களிலும் வான்களிலும் இம்முறையைக் கையாள வேண்டாம். அவற்றின் கதவடிப் பெட்டிகள் மிக வலிய உருக்கால் ஆனவை. வெல்டிங் சூடு அவ்வுருக்கின் வலிமையைக் கெடுத்துவிடும்.

இன்னுமொன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். தொழிற்சாலை தன் வாகனத்தை மோதிச் சோதிக்கிறது. பட்டறையில் ஒட்டிய வாகனத்தை எவரும் மோதிப் பார்ப்பதில்லை. ஒட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது புதிய வாகனம் ஆகாது. சுமை கொண்டுபோக, மெதுவாக ஓட்ட அதைப் பாவியுங்கள். பாடசாலைப் பிள்ளைகளை நிறைத்து ஏற்றும் வாகனமாக அதை ஆக்க வேண்டாம்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

எல்லோராலும் வெல்டிங் செய்ய முடியாது. வேலையை வேறொருவரிடம் கொடுத்தாலும் கேள்வி கேட்பது உங்கள் உரிமை. வெட்டுமுன் வாசலுக்குக் குறுக்குக் குழாய் வைப்பீர்களா? கறள் தகட்டை முழுவதும் வெட்டி எடுப்பீர்களா, மேலே மூடி ஒட்டுவீர்களா? பார் எத்தனை மில்லிமீற்றர்? பெற்றோல் தாங்கியைக் கழற்றுவீர்களா? பட்டி பூசுமுன் ஒட்டுகளைப் பார்க்க எங்களை அழைப்பீர்களா? இந்த ஐந்துக்கும் நேரான விடை தருபவரிடம் வேலையைக் கொடுங்கள். கடைசிக் கேள்வியே முக்கியமானது. ஒட்டை மறைத்த பின் அதன் தரத்தை எவராலும் சொல்ல முடியாது.

கிராமத்து இளைஞர்களில் ஆர்வமுள்ளவர்கள் இத்தொழிலை முறையாகப் பயிலலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் வெல்டிங் பயிற்சி நெறிகள் நடத்தப்படுகின்றன. பெட்டி வடிவத்தின் பலத்தையும் வெல்டிங் சூட்டின் குணத்தையும் விளங்கிக்கொண்ட ஒருவர், ஜீப்பை மட்டுமன்றி, லாண்ட் மாஸ்டரின் இழுவைப் பெட்டியையும், நீர்த்தாங்கியின் தாங்குகாலையும், சூடடிக்கும் இயந்திரத்தின் சட்டத்தையும் இதே முறையில் திருத்தலாம்.

வேலை முடிந்த வாகனத்தை முதல் நாளே முழுச் சுமையோடு அனுப்பாதீர்கள். பாதிச் சுமையோடு ஒரு கிழமை ஓட்டுங்கள். பின்பு அடியில் படுத்து, பாரின் நுனிகளிலும் தூண் அடிகளிலும் மயிரிழை வெடிப்பு உண்டா என்று வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். கதவுகள் முன்போலப் பூட்டுகின்றனவா என்றும் பாருங்கள். வெடிப்பு இல்லை, கதவும் சரி என்றால் சுமையைக் கூட்டலாம். வெடிப்புக் கண்டால் அன்றே நிறுத்தி, அந்த ஒட்டைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவியுங்கள்.